பழக் கம்போட் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி கிண்டுகிற வீட்டுக்குக் கம்போட் ஒன்றும் அந்நியமில்லை. பழத்துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு அதன் சாற்றிலேயே வேகவைத்து எடுப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்தான் கம்போட். துண்டு துண்டாகவே இருக்க வேண்டும், சாறு சற்றுத் திரண்டு அதைச் சுற்றி நிற்க வேண்டும். அவ்வளவுதான் பக்குவம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டில் பல வருடமாக இதைச் செய்கிறோம். நத்தம் மாம்பழம் வரும் காலத்தில் மாம்பழம், ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால் கொய்யா, ஆடியில் நாவல், மற்ற நாளில் அன்னாசியும் பப்பாளியும். கெட்டுப்போன தடவைகளை எண்ணினால் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றேதான்: பழத்தையும் சாற்றையும் சேர்த்தே அடுப்பில் வைத்துப் போராடியது. பழத்துக்கு வேண்டிய நேரம் வேறு, சாற்றுக்கு வேண்டிய நேரம் வேறு. இரண்டையும் வடிகட்டிப் பிரித்துவிட்டால் கீழே வரும் சிக்கல்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு அளவு. தோல், கொட்டை நீக்கிய பழம் 1 கிலோ, சர்க்கரை 150 முதல் 250 கிராம், தண்ணீர் 50 மில்லி (சாறுள்ள பழமாக இருந்தால் அதுவும் வேண்டாம்), அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. ஜாமுக்குப் பழத்தின் எடைக்குக் கிட்டத்தட்ட அதே எடை சர்க்கரை போடுவார்கள். இங்கே கால் பங்குதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகும் பேச்சு வரும்போது இது மறுபடி வரும்.

சாறு தண்ணீராக நிற்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சூடாக இருக்கும்போது பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் ஆற ஆறத்தான் சாற்றைத் திரட்டும். ஒரு சின்ன தட்டை ஃப்ரீசரில் 5 நிமிடம் வைத்து, அதில் ஒரு கரண்டி சாற்றை விட்டு விரலால் நடுவில் கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர்தான். ஒரு நொடி தயங்கி மெதுவாக மூடினால் சரியான பக்குவம்.

தண்ணீர்தான் என்று உறுதியானால் அப்படியே மறுபடி கொதிக்கவைக்காதீர்கள். பழம் குழைந்துவிடும், சாறும் கலங்கிவிடும். சல்லடையில் ஊற்றிப் பழத்தைத் தனியாக வையுங்கள். சாற்றை மட்டும் வாயகன்ற சட்டியில் ஊற்றி, தீயைக் கூட்டி, மூடாமல் கொதிக்கவிடுங்கள். இதைப் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். முதலில் நுரை நுரையாக, சின்னச் சின்னக் குமிழியாகச் சலசலவென்று பொங்கும். கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கும். குமிழிகள் பெரிதாகி, கண்ணாடி மாதிரி பளபளப்போடு மெதுவாக எழுந்து உடையும். சத்தமும் மாறும், சலசலப்புப் போய்த் தளதளவென்று கேட்கும். கரண்டியை எடுத்துச் சாய்த்தால் கடைசிச் சொட்டு விழ யோசிக்கும். அங்கே அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே பழத்தின் மேல் ஊற்றிவிடுங்கள்.

அடுத்த முறை இது வராமலிருக்க: குறுகலான உயரமான பாத்திரம் வேண்டாம், மூடி வேண்டாம், வழக்கமாக ஊற்றும் தண்ணீரும் வேண்டாம். சாறுள்ள பழமாக இருந்தால், நறுக்கிய துண்டுகளில் சர்க்கரையைத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து தானே நீரை இழுத்துக் கொடுக்கும். வெறும் அன்னாசித் துண்டில் அரை டம்ளர் சாறு ஊறி நிற்பதைப் பார்த்த பிறகு யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

கான்ஃப்ளவர் கரைத்து ஊற்றலாமா? அவசரத்துக்குச் செய்யலாம், ஆனால் பளபளப்புப் போய் மாவு ருசி வரும். எலுமிச்சையோடு சேர்த்து நீண்ட நேரம் கொதித்தால் அது மறுபடி இளகியும் போகும். நான் ஊற்றுவதில்லை.

பழம் கரைந்து கூழாகிவிட்டது

பழுத்துக் கனிந்த பழத்தை எடுத்திருப்பீர்கள், அல்லது விடாமல் கிண்டியிருப்பீர்கள். மாம்பழத்தில் எது என்பது முக்கியம். கனிந்த பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் சட்டியில் 5 நிமிடம் தாங்காது. அதை அப்படியே சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை. கம்போட்டுக்குக் கிளிமூக்கு, அதுவும் முக்கால் பழமாக. சதை கெட்டி, புளிப்பும் இருக்கும்.

வாழை, பப்பாளி, கனிந்த பலாச்சுளை ஆகியவற்றில் பழத்தோடு சேர்த்துச் சாறு காய்ச்சவே கூடாது. சர்க்கரை, எலுமிச்சை, கொஞ்சம் தண்ணீர் மூன்றையும் முதலில் கொதிக்கவைத்துவிட்டு, துண்டுகளைப் போட்டு 3 நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடந்துவிடும். கரண்டி போட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்துக் குலுக்கினால் போதும்.

கூழானதைத் துண்டாக்க வழியில்லை. ஆனால் வீணாகவும் இல்லை. மாம்பழக் கூழை இனிப்புப் பணியார மாவில் கலந்து ஊற்றிப் பாருங்கள், சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் வைத்தாலும் வேக மாட்டேன் என்கிறது

கொய்யா, பேரிக்காய், நெல்லிக்காய், காய்வெட்டான மாம்பழம், இவற்றில்தான் இந்தத் தொல்லை. காரணம் மாங்காய்ப் பச்சடியிலேயே இருக்கிறது. மாங்காய் வெந்த பிறகுதான் வெல்லம் போட வேண்டும் என்று அப்பத்தா சொல்லிக்கொடுத்திருப்பார். முன்னாலேயே போட்டால் மாங்காய் விறைத்துக்கொள்ளும். சர்க்கரையும் புளிப்பும் பழத்தின் செல் சுவரில் இருக்கிற பெக்டினை இளக விடாமல் பிடித்துவைக்கும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தாலும் அதே வேலையைச் செய்யும். எங்கள் பக்கம் சில தெருக்களில் போர்த் தண்ணீர் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகத் தாமதமானால் கொய்யாவும் தாமதமாகும். சமையலுக்கு வைத்திருக்கிற குடிநீரையே ஊற்றுங்கள்.

இப்போது சட்டியில் இருப்பதை என்ன செய்வது? பாகை வடித்துத் தனியாக வையுங்கள். துண்டுகளை வெறும் தண்ணீரில், மூடி போட்டு, குத்தூசியோ கத்தி முனையோ எளிதாக இறங்கும் வரை வேகவிடுங்கள். பிறகு பாகோடு சேருங்கள். பழம் மிருதுவாகும் முன் இனிப்பில் சேர்க்காதீர்கள், பொறுமை இங்கே வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, துண்டுகள் சுருங்கி வதங்கி மிட்டாய் மாதிரி ஆகிவிட்டால், ஆரம்பத்திலேயே கெட்டிப் பாகில் பழத்தைப் போட்டிருக்கிறீர்கள். கெட்டிப் பாகு பழத்தின் நீரை உறிஞ்சிவிடும். பாகை இளக்கி, துண்டுகளை அதில் ஒரு இரவு ஊறவிட்டால் ஓரளவு உப்பி வரும், முழுதாக வராது.

ஜாம் போல இறுகிவிட்டது, அல்லது சர்க்கரை பூத்துவிட்டது

இறுகுவது பெரும்பாலும் கொய்யாவில். அதில் பெக்டின் ஏராளம். அணைக்கும்போது தண்ணீராகத் தெரிந்தது காலையில் வெட்டி எடுக்கும்படி இருக்கும். மெல்லிய தீயில் வைத்து, கொதித்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு இளக்குங்கள். கொய்யாவை எப்போதும் ‘இன்னும் கொஞ்சம் காய வேண்டுமோ’ என்று தோன்றும் கட்டத்திலேயே இறக்கிவிட வேண்டும்.

சர்க்கரை பூப்பது கைப்பழக்கத்தால் வருகிற குறை. அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகிய கை, சாற்றையும் கம்பிப் பதம் வரை கொண்டுபோய்விடும். எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் ஆச்சி, நான் இறக்கி வைத்த சாற்றை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் கம்பியே வரலையேப்பா, ஏன் அதுக்குள்ள இறக்குறே?” என்று கேட்டார். அதிரசத்துக்கு அவர் சொன்னது அட்சரசுத்தம். இதற்குக் கம்பி வரவே கூடாது. பூத்துவிட்டால் கொஞ்சம் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டு மறுபடி கரையும் வரை சூடாக்குங்கள். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து, மறுபடி படிகமாகாமல் தடுக்கும்.

நிறம் கறுத்துவிட்டது, வாயில் உலோக ருசி வருகிறது

பாத்திரத்தைப் பாருங்கள். இருப்புச்சட்டியில் புளிப்பான பழம் போட்டால் நிறமும் போகும், நாக்கில் இரும்பு வாடையும் நிற்கும். நாவல் போலத் துவர்ப்புள்ள பழம் இரும்பில் பட்டால் மை மாதிரியே ஆகிவிடும். அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது.

பித்தளை உருளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் சீதனமாக வந்த உருளிகள் பரணில் இருக்கின்றன. பழச் சமையல் என்றதும் அதை எடுக்கத் தோன்றும், அகலமும் கனமும் அப்படிப் பொருந்தும். உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் சரி. பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், புளிப்பு செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து இழுத்துக்கொள்ளும். பச்சைக் களிம்பு தெரிகிறதோ இல்லையோ, அதில் செய்ததைச் சாப்பிட வேண்டாம். கொட்டிவிடுங்கள். ருசியை மட்டும் மறைத்துவிட்டுப் பரிமாறுகிற விஷயமில்லை இது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிய பழைய இனாமல் சட்டி அழகுதான், ஆனால் வயது தெரியாத சாமானை அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அடிகனமான எவர்சில்வர் சட்டி ஒன்று போதும்.

பாத்திரம் சரியாக இருந்தும் கறுத்தால், நறுக்கி வைத்த பழம் காற்றுப்பட்டுக் கறுத்திருக்கும். வாழையும் பேரிக்காயும் அப்படித்தான். நறுக்க நறுக்க எலுமிச்சை கலந்த தண்ணீரில் போடுங்கள். நாவல், மாதுளை நிறம் மங்கலாக, நீலம் பாய்ந்தது போல இருந்தால் இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சை விடுங்கள், சிவப்பு கண்ணெதிரே தெளியும். வெல்லம் போட்டால் நிறம் மட்டுத்தான், அது குறையில்லை. ஆனால் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் கடைசிக் கரண்டியில் மண் நறநறக்கும்.

கசக்கிறது, துவர்க்கிறது, குழம்பு வாசம் வருகிறது

கசப்புக்குப் பெரும்பாலும் எலுமிச்சை விதை, தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி, அல்லது அடிப்பிடித்தல். அடிப்பிடித்தால் கரண்டியை உள்ளே விடாமல், மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டினால் எல்லாம் கசந்துவிடும்.

வாசனைப் பொருள்களில் நம் கை தாராளம். 1 கிலோ பழத்துக்கு ஒரு சின்னத் துண்டு பட்டை, அல்லது 2 கிராம்பு, அல்லது ஒரு அன்னாசிப்பூவில் பாதி. மூன்றும் சேர்ந்தால் பிரியாணிதான் ஞாபகம் வரும். அதையும் பாகு காயும் வரை உள்ளே விட்டுவைக்காமல் எடுத்துவிட வேண்டும். குழம்பு வாசம் என்றால் மரக்கரண்டியை மோந்து பாருங்கள். மசாலாவில் ஊறிய மரம் அந்த வாசத்தை விடாது. இனிப்புக்கென்று ஒரு கரண்டி தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

நாவலின் துவர்ப்பு அதன் குணம். ஒரு சிட்டிகை உப்பு அதைத் தணிக்கும். கெட்டித் தயிரோடு பரிமாறினால் தயிரின் புரதம் துவர்ப்பை இழுத்துக்கொள்ளும், நாக்கு பிடிக்காது. வெறும் இனிப்பாக, சப்பென்று இருந்தாலும் முதலில் உப்பு, பிறகு எலுமிச்சை. சர்க்கரை கூட்டினால் இன்னும் சப்பென்று ஆகும்.

பாலோடு சேர்த்ததும் திரிந்துவிட்டது

இது எனக்கு நடந்தது, அதுவும் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது. பால் பணியாரம் கிண்ணங்களில் ஊற்றித் தயார். ஏலக்காய் வாசம் கூடம் வரை போயிருந்தது. மேலே ஒரு கரண்டி அன்னாசிக் கம்போட் வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வைத்தேன். மஞ்சள் சாறு வெள்ளைப் பாலில் மெல்ல இறங்கியது, இறங்கிய இடமெல்லாம் பால் சின்னச் சின்னத் திரியாகப் பிரிந்தது. இரண்டு நிமிடத்தில் கிண்ணம் முழுக்கத் தெளிந்த நீரும் வெள்ளைத் துகளும். ஒரு கிண்ணத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, எல்லாவற்றிலும் வைத்துவிட்டேன்.

இதில் இரண்டு காரணங்கள் உண்டு, வேறு வேறு. உடனே திரிந்தால் அது புளிப்பின் வேலை. சூடான பாலில் இன்னும் வேகமாக நடக்கும். உடனே திரியாமல் அரை மணி நேரம் கழித்துக் கசக்க ஆரம்பித்தால், அன்னாசி சரியாக வேகவில்லை என்று பொருள். அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது, பாலின் புரதத்தை அறுத்துக் கசப்பாக்கிவிடும். 10 நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஜெலட்டின் சேர்த்த இனிப்பு உறையாமல் போவதற்கும் பச்சை அன்னாசிதான் காரணம், வேகவைத்தது அப்படிச் செய்யாது.

திரிந்த பாலைத் திருப்ப முடியாது. கம்போட்டையும் பாலையும் இனி இப்படிச் சேருங்கள்: சூடான பாலோடு வேண்டவே வேண்டாம். கெட்டித் தயிர், குளிர்ந்த கிரீம், ஐஸ்கிரீம் ஆகியவற்றோடு சேர்க்கலாம், அதுவும் கம்போட்டும் குளிர்ந்த பிறகு. பணியாரத்தோடுதான் வேண்டும் என்றால் வெள்ளைப் பணியாரத்தோடு கொடுங்கள். சுடச்சுட இருக்கிற பணியாரத்தைப் பிட்டு, நாவல் கம்போட்டில் தொட்டுச் சாப்பிட்டால், காரச் சட்னியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களும் இரண்டாவது கரண்டி கேட்கிறார்கள். கவுனி அரிசிக்கு மாம்பழக் கம்போட் அருமையாகப் பொருந்தும். கவுனியில் ஏற்கெனவே சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் இருப்பதால், கம்போட்டில் 150 கிராமுக்கு மேல் சர்க்கரை போடாதீர்கள், புளிப்பு முன்னால் நிற்கட்டும்.

கேக்கின் மேல் வைத்து அது ஊறிச் சொதசொதவென்று ஆனால், வடித்த பழத்தை மட்டும் வைத்துச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள்.

மூடியைத் திறந்தால் புஸ் என்கிறது, குமிழி வருகிறது, மேலே பூஞ்சை

இங்கே சரிசெய்ய எதுவும் இல்லை. கொட்டிவிடுங்கள். பூஞ்சையை மட்டும் வழித்துவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். நுரையும் கள்ளு வாசமும் இருந்தால் புளித்துவிட்டது. மறுபடி கொதிக்கவைத்தாலும் பழையபடி ஆகாது.

நம் வீடுகளில் ஜாடிப் பழக்கம் ஊறிப்போனது. பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைத்த மாங்காய் அடுத்த வருஷம் வரை நிற்கும். அங்கே உப்பு காவல் நிற்கிறது. ஜாமில் சர்க்கரை காவல் நிற்கிறது. கம்போட்டில் இருப்பது பழத்தில் கால் பங்கு சர்க்கரை, அது கிருமியைத் தடுக்கப் போதாது. ஆகவே ஜாடியும் அலமாரியும் இதற்கு இல்லை. சித்திரை வெயிலில் மேடையில் வைத்தது மறுநாளே குமிழியிடும்.

கண்ணாடிப் பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, ஈரமில்லாமல் காயவைத்து நிரப்புங்கள். 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். காய்ந்த கரண்டிதான் உள்ளே இறங்கலாம். 5 முதல் 7 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், மின்சாரம் மணிக்கணக்கில் போன நாள் வந்தால் இன்னும் முன்னாலேயே. பப்பாளி, வாழை, பலா மூன்றிலும் புளிப்பு மிகக் குறைவு. ஆபத்தான கிருமிகளை அடக்கப் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும், இவை பழுத்த நிலையில் அதற்கு மேலே நிற்கும். அவற்றுக்கு எலுமிச்சையைத் தாராளமாக விடுங்கள், 3 நாளில் முடித்துவிடுங்கள். பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கும் வேலையை முக்கியமாக இந்த மூன்றில் செய்யவே கூடாது.

ஃப்ரீசரில் வைத்து எடுத்ததும் தண்ணீர் பிரிந்து நிற்கிறது

உறையும்போது பழத்தின் செல்கள் கிழிவதால் நீர் வெளியேறுகிறது, அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. 3 மாதம் வரை ஃப்ரீசரில் ருசி குறையாமல் இருக்கும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகச் சின்ன டப்பாக்களில் பிரித்து, பாட்டிலாக இருந்தால் மேலே ஒரு விரல் இடம் விட்டு வையுங்கள், உறைந்ததும் விரியும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். பிரிந்த நீரை முன்பு சொன்னபடி வடித்துத் தனியாகக் காய்ச்சிச் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் காய்ச்சுவதில்லை. ரஷ்யாவிலும் போலந்திலும் கிட்டத்தட்ட இதே பெயரில், பழத்தை நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் குடிப்பார்கள். அந்த யோசனையில், வடித்த சாற்றில் இரண்டு பங்கு பானைத் தண்ணீரும் கொஞ்சம் எலுமிச்சையும் உப்பும் கலந்து, வெயிலில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.